கீனா முகம் திருப்பிய பக்கம்

"சென்ட் ரப்பர்" என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த வாசனை அழிப்பானின் மணம் எனக்கு இன்றைக்கும் ஆகாது. பள்ளிக்கூடத்து வாசல் கடையில் அதை ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு மூடி வைத்திருப்பார்கள். மூடியைத் திறந்ததும் இனிப்பான ஒரு வாசனை மூக்கில் ஏறும். ஸ்ட்ராபெரி வாசனை என்று கடைக்காரர் சொல்லுவார். எங்கள் வகுப்பில் ஸ்ட்ராபெரியைக் கண்ணால் கண்டவர்கள் யாரும் இல்லை என்பதால் நாங்களும் அதை நம்பினோம். என் தங்கை ஷீபா ஒருநாள் அதைக் கடித்தே பார்த்துவிட்டு, "சோப்பு மாதிரி இருக்குக்கா" என்று என் காதில் சொன்னாள். சொன்னாளே தவிர கடிப்பதை விடவில்லை. எங்கள் வீட்டு அழிப்பான்கள் எல்லாவற்றிலும் அவளுடைய பல் பதிந்திருக்கும். அவளும் நானும் ஒரே நோட்டில் வரைந்த இரண்டு பொம்மைகளைப் பற்றியும், அந்த நோட்டை வைத்து நான் செய்த இரண்டு காரியங்களைப் பற்றியும் எழுத உட்கார்ந்திருக்கிறேன். முதல் காரியம் ஷீபாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இரண்டாவதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் அப்பா பத்திரிகை என்றால் ஒரு வரி விடாமல் படிப்பவர், இதையும் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர்ச் சாலையில், ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் நாங்கள் குடியிருந்தோம். அப்பா ஒரு அலுவலகத்தில் கிளார்க், அம்மா பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. சாயங்காலம் ஐந்து மணிக்கு வேனை விட்டு இறங்கி, கைகால்கூடக் கழுவாமல் நாங்கள் தொலைக்காட்சியின் முன் போய் உட்காருவோம். அந்த நேரத்தில்தான் "ஜப்பான் கார்ட்டூன்" போடுவார்கள். அதை அனிமே என்று சொல்ல வேண்டும் என்பதெல்லாம் வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. முகத்தில் பாதியை அடைத்துக்கொண்ட கண்களும், காற்றே இல்லாமல் பறக்கும் முடியும், ஒரு சின்னக் கோடு மட்டுமே மூக்காக இருப்பதும், அந்த மனிதர்கள் தமிழில் "விட மாட்டேன்டா" என்று கத்துவதும் எங்களுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. வேறு கார்ட்டூன்களில் பூனையும் எலியும் அடித்துக்கொள்ளும், நாங்கள் சிரிப்போம். இதில் ஒருத்தி மழையில் நின்று அழுவாள், நாங்களும் அழுவோம். ஷீபா அழும்போது தலையணையை வாயில் வைத்துக்கொள்வாள்.

வரையக் கற்றுக்கொடுக்க எங்களுக்கு ஆள் கிடையாது. ஒரு செய்தித்தாளின் சிறுவர் இணைப்பில், ஜப்பான் கார்ட்டூன் முகத்தை ஆறே படிகளில் வரைவது எப்படி என்று படம் போட்டிருந்தார்கள். அம்மா அந்தத் தாளை எடுத்துச் சமையலறை அலமாரியில் விரித்து, மேலே புளி ஜாடியைத் தூக்கி வைத்துவிட்டார். நாங்கள் கண்டுபிடித்தபோது ஐந்தாவது படியின் மேல் ஜாடியின் வட்டம் கறுப்பாகப் படிந்திருந்தது. முதல் படி ஒரு வட்டம், இரண்டாவது, அதன் குறுக்கே ஒரு கூட்டல் கோடு, மூன்றாவது, தாடை, நான்காவது, கண் வைக்கும் இடம். அதற்குப் பிறகு புளிக்கறை, கறையைத் தாண்டினால் முழு முகத்தோடு ஒரு பெண் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நடுவில் என்ன செய்தார்கள் என்று தெரியாமல் ஒரு கோடை விடுமுறை முழுவதும் தவித்தோம். எங்கள் முதல் முகங்கள் எல்லாம் தவளைகள்.

வட்டத்துக்கு வளையல்தான். நான் அம்மாவின் வளையலை வைத்து வரைவேன், ஷீபா தன் கையிலிருந்த சின்ன வளையலைக் கழற்றி வைத்து வரைவாள். அதனால் அவள் போடும் தலைகள் என் தலைகளைவிட எப்போதும் ஒரு சுற்றுச் சிறியவை. ஒரு கையால் வளையலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் பென்சிலைச் சுற்ற வேண்டும். பிடி கொஞ்சம் தளர்ந்தாலும் தலை ஒரு பக்கம் வீங்கிவிடும். வளையல் வழுக்காமலிருக்க ஷீபா அதன் அடியில் எச்சில் தொட்டு வைப்பாள். நோட்டைத் திறந்தால் அந்த எச்சில் வட்டங்கள் காய்ந்து தாளைச் சுருக்கியிருக்கும்.

ஷீபாவுக்கு இடது கைப் பழக்கம். எங்கள் பக்கத்தில் அதைப் "பீச்சாங்கை" என்பார்கள், வலது கை "சோத்தாங்கை". ஒன்றாம் வகுப்பில் அவள் பீச்சாங்கையில் எழுதியதற்கு அம்மாவே கொஞ்ச நாள் சண்டை பிடித்துப் பார்த்து, பிறகு ஒரு சமாதானத்துக்கு வந்தார். "எழுதுறது எந்தக் கையில வேணா எழுதிக்கோ. சோறு மட்டும் சோத்தாங்கையிலதான்." சாப்பாட்டு மேசையில் இதைத் தினமும் ஒருமுறையாவது சொல்லுவார். ஷீபாவும் சாப்பாட்டை வலது கையால் நன்றாகவே பழகிக்கொண்டாள். வெளியார் யாராவது வந்து பார்த்தால் அவள் இடது கைக்காரி என்று தெரியாது. ஆனால் பென்சிலை எடுத்தால் இடது கைதான்.

இதனால் எங்களுக்கு ஒரு பெரிய லாபம் இருந்தது. புதிதாக வரையப் பழகும் எவருக்கும் முகம் ஒரு பக்கம் மட்டுமே திரும்பும். கை போகிற வாட்டத்துக்கு முகமும் போகும். வலது கைக்காரியான நான் எப்படி ஆரம்பித்தாலும் என் பெண் இடது பக்கம்தான் பார்ப்பாள். ஷீபா போடும் பெண் வலது பக்கம் பார்ப்பாள். மாற்றிப் போட்டுப் பார்த்து, மூக்கு காதுக்கும் கண் கழுத்துக்கும் போய், இருவருமே கைவிட்டோம். ஆகவே நோட்டை விரித்து வைத்து, இடது பக்கத் தாள் அவளுக்கு, வலது பக்கத் தாள் எனக்கு என்று பங்கு பிரித்தோம். அப்படி உட்கார்ந்தால் முழங்கையும் இடிக்காது, என் பெண் அவள் பெண்ணைப் பார்ப்பாள், அவள் பெண் என் பெண்ணைப் பார்ப்பாள். அப்பா அலுவலகத்திலிருந்து கொண்டுவரும் "ஒன் சைடு பேப்பரை", அச்சடித்த பக்கம் உள்ளே போகும்படி மடித்து, கோணி ஊசியால் தைத்துச் செய்த நோட்டு அது. எந்த இரண்டு பக்கத்தைத் திறந்தாலும் இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

என்னுடையவள் பெயர் டோமி, அவளுடையவள் பெயர் கீனா. ஜப்பானில் அப்படிப் பெயர் உண்டா என்று எங்களுக்குத் தெரியாது, கேட்க ஆளும் இல்லை. டோமியிடம் வாள் இருந்தது. கீனாவிடம் ஒரு குடை மட்டும்தான் இருந்தது, ஆனால் அந்தக் குடையால் விமானத்தைக்கூட நிறுத்த முடியும் என்று ஷீபா சொல்லிவிட்டாள். எங்கள் மொட்டைமாடிக்கு மேலே பயிற்சி விமானங்கள் தாழப் பறந்து போகும்போதெல்லாம் அவள் தன் மடக்குக்குடையை விரித்துக் காட்டுவாள். இருவரும் தாம்பரத்திலிருந்து கடற்கரை வரைக்கும் டிக்கெட் இல்லாமல் மின்சார ரயிலில் போவார்கள்; டிக்கெட் பரிசோதகர்தான் முதல் வில்லன். நான் கண்களைக் கஷ்டப்பட்டுப் போடுவேன். ஷீபாவுக்குக் கண் தானாக வந்தது. கண்ணின் கருப்புக்குள் ரப்பரின் ஓரத்தால் ஒரு சின்னப் புள்ளியை அழித்து வெளிச்சம் வைப்பாள், உடனே கீனா மூச்சு விடத் தொடங்கிவிடுவாள். எனக்கு அது கடைசி வரை கைவரவில்லை. என்னைவிட இரண்டு வயது சின்னவளுக்கு வருவது எனக்கு வரவில்லையே என்று உள்ளுக்குள் புழுங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எல்லாப் பிள்ளைகளையும் போல நாங்களும் சண்டை போட்டால் "காய்" விடுவோம், சமாதானமானால் "பழம்" விடுவோம். விரலைக் காட்டி விடுவது வகுப்புத் தோழிகளோடு. எங்களுக்குள் அது நோட்டில் நடந்தது. காய் என்றால் முகம் போடக் கூடாது, பின்னந்தலை மட்டும் போட வேண்டும்; அது சுலபம், வளையல் வட்டத்துக்கு மேல் முடியை வாரி இறக்கினால் முடிந்தது. பழம் விட நினைப்பவள் தன் பக்கத்தில் முகத்தோடு ஒரு படம் போட்டு நோட்டை மற்றவளின் தலையணைமேல் வைத்துவிட வேண்டும். அவளும் எதிர்ப்பக்கத்தில் முகத்தைப் போட்டுவிட்டால் இருவரும் பார்த்துக்கொண்டாயிற்று, அதற்கு மேல் அந்தச் சண்டையைப் பற்றி யாரும் பேசக் கூடாது. மன்னிப்பு என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் ஜெபத்தில்தான் சொல்லுவோம், ஒருவரிடம் ஒருவர் சொன்னதில்லை. அம்மா இதையெல்லாம் கவனித்தாரா என்று தெரியாது. "இந்தப் பொம்மைங்களுக்குப் பரீட்சையில மார்க் போடப் போறாங்களா" என்பார், அத்தோடு போய்விடுவார்.

நான் ஆறாம் வகுப்பும் ஷீபா நான்காம் வகுப்பும் படித்த வருஷம், மழைக்காலத்தில் ஒருநாள், நான் அந்த நோட்டை அவளிடம் கேட்காமல் பையில் வைத்துப் பள்ளிக்கு எடுத்துப்போனேன். மதிய உணவு நேரத்தில் என் வகுப்புப் பெண்கள் சுற்றிக்கொண்டார்கள். சாம்பார்க் கையோடு ஒருத்தி பக்கம் புரட்ட, இன்னொருத்தி அவள் கையைத் தட்டிவிட்டாள். அப்புறம் அவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தது போல இடது பக்கத்தையே பார்த்தார்கள். "இந்தப் பொண்ணு கண்ணப் பாரேன்" என்றார்கள். "இது யாரு போட்டது, நீயா?" என்று ஒருத்தி கேட்டாள். அந்த ஒரு நொடி எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது, என் டிபன் பாக்ஸில் எலுமிச்சைச் சாதம் இருந்தது. "ரெண்டு பக்கமும் நான்தான்" என்றேன்.

அன்று சாயங்காலம் வேனில் என் வகுப்புப் பெண் ஒருத்தி ஷீபாவிடம், "உங்க அக்கா செமயா வரையுறா. அந்தக் குடை வச்சிருக்கிற பொண்ணு சூப்பர்" என்று சொன்னாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். ஷீபா என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால், அம்மாவிடம் போய்ச் சொல்லியிருந்தால், என் முடியைப் பிடித்து இழுத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்தவள் என் பையிலிருந்து நோட்டைத் தானே எடுத்து, தன் பக்கத்தில் ஒரு பின்னந்தலையைப் போட்டாள். ஒவ்வொரு முடியாக, நிதானமாக, அவ்வளவு அழகாகப் போட்டாள். பிறகு நோட்டை என் தலையணைமேல் வைத்துவிட்டுப் படிக்கப் போனாள்.

அந்தக் காய் ஒன்பது நாள் ஆகியும் தீரவில்லை. அதற்கு முன்பு எங்கள் காய் எதுவும் ஒரு ராத்திரியைத் தாண்டியதில்லை. வேன் ஓட்டும் அண்ணன்கூடக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இன்னா பாப்பா, அக்காவும் தங்கச்சியும் ஆளுக்கொரு மூலைல குந்திக்கினு கீறீங்க? வூட்ல சண்டையா?" என்று கேட்டார். இருவரும் ஜன்னலைப் பார்த்தோம். டோமியின் முகத்தைப் போட்டு வைக்க வேண்டியது நான்தான் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் நாளைக்குப் போடலாம் என்று இருந்துவிட்டேன். தப்பு செய்தவளுக்குத்தான் ரோஷம் அதிகமாக இருக்கும் போல.

பத்தாம் நாள் ஷீபாவுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் சிரப் கொடுத்தார்கள், கஷாயம் கொடுத்தார்கள், சபையிலிருந்து வந்து ஜெபம் செய்துவிட்டுப் போனார்கள். நான்காம் நாள் வாந்தி நிற்காமல் போகவே அருகிலிருந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டெங்கு என்று சொன்னார்கள். அம்மா அவளோடு அங்கேயே தங்கிவிட்டார். சின்னப் பிள்ளைகளை வார்டுக்குள் விட மாட்டார்கள் என்பதால் என்னை மாடியில் குடியிருந்த ரெஜினா ஆன்ட்டியின் வீட்டில் விட்டார்கள். அப்பா ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலுவலகத்துக்குமாக அலைந்தார். அன்று சாயங்காலம் அவர் துணி எடுக்க வந்தபோது நான் ஓடிப்போய் நோட்டைத் திறந்து, வலது பக்கத்தில், என் வாழ்க்கையில் அவ்வளவு சீக்கிரமாக எதையும் வரைந்ததில்லை, இரண்டு காதுகளையும் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போடும் டோமியை வரைந்தேன். கண்ணில் வெளிச்சம் வைக்கப் பார்த்தேன், தாள் கிழிந்ததுதான் மிச்சம். "பாப்பாகிட்ட குடுங்கப்பா" என்றேன். அப்பா அதைப் பழத்தோடும் பிளாஸ்கோடும் சேர்த்து ஒயர்க்கூடையில் வைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் அவர் அலுவலகம் போகிற வழியில், நான் குளித்துக்கொண்டிருந்தபோது, நோட்டை ஆன்ட்டியிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஈரத்தலையோடு திறந்து பார்த்தேன். இடது பக்கத்தில் கீனா இருந்தாள், முகத்தோடு இருந்தாள். ஆனால் அவள் டோமியைப் பார்க்கவில்லை. இடது பக்கம் திரும்பி, தாளுக்கு வெளியே, என்னை விட்டு அந்தப் பக்கமாக எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். தலை கோணலாக இருந்தது, வளையல்கூட வைத்துப் போடவில்லை. கோடுகள் நடுங்கியிருந்தன. ஒரு கண் பெரிதாகவும் ஒன்று அதில் பாதியாகவும் இருந்தன. இரண்டிலும் வெளிச்சம் இல்லை.

எனக்குப் புரிந்தது இதுதான்: பின்னந்தலை போட்டிருந்தால் அது வழக்கமான காய். இது அதைவிடப் பெரியது. முகத்தைப் போட்டு, அதை வேண்டுமென்றே என்னிடமிருந்து திருப்பியிருக்கிறாள். அத்தனை நாள் முயன்றும் வராத திசைக்கு முகத்தைத் திருப்பக் கற்றுக்கொண்டதே எனக்குக் காட்டத்தான். அதையும் பிரியமில்லாமல், கிறுக்கிப் போட்டிருக்கிறாள். நான் காதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அவள் அங்கே பார்க்கிறாள். முதலில் அழுதேன், அழுது முடித்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. போனால் போடி என்று நோட்டை எங்கள் வீட்டு மெத்தைக்கு அடியில் தள்ளினேன்.

அன்று சாயங்காலம் அப்பா குளிக்க வந்தார். தலை துவட்டிக்கொண்டே, "அந்த நோட்டு எங்கம்மா? பாப்பா கேக்குறா" என்றார். நான் மெத்தையின் மேல்தான் உட்கார்ந்திருந்தேன். "காணோம்ப்பா" என்றேன். அவர் ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பிரிட்ஜின் மேல் பார்த்தார், செய்தித்தாள் அடுக்கைத் தூக்கிப் பார்த்தார், ஆணியில் மாட்டியிருந்த என் பைக்குள் பார்த்தார். மெத்தையைத் தூக்கச் சொல்லவில்லை. "சரி, கெடச்சா எடுத்து வை. காலைல கொண்டு போறேன்" என்று சொல்லிவிட்டு, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினார்.

காலையில் ரெஜினா ஆன்ட்டி என்னைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. தலை வாரிவிட வந்தவர் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பதினோரு மணிக்கு ஷீபாவை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவளுடைய சின்ன வளையலை அம்மா தன் தாலிச் சங்கிலியில் கோத்துப் போட்டிருந்தார். அதன் பிறகு நடந்தவற்றை எழுத எனக்குத் தெரியவில்லை, எழுதியும் ஆகப்போவது ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு நான் வரைந்ததில்லை. நோட்டை மட்டும் வைத்திருந்தேன். முதலில் மெத்தைக்கு அடியில், பிறகு என் பாடப்புத்தகங்களுக்குப் பின்னால், கல்லூரிக்குப் போனதும் பீரோவின் கீழ்த்தட்டில், சான்றிதழ்களுக்கு அடியில். திறந்து பார்த்தது மூன்று நான்கு தடவைதான் இருக்கும். ஒவ்வொரு முறையும் கீனா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். என் தங்கை என்மேல் கோபத்தோடே போய்ச் சேர்ந்தாள் என்பதை எனக்கு உயரம் கூடியதைப் போல, கண்ணாடி போட நேர்ந்ததைப் போல ஒரு உண்மையாக ஏற்றுக்கொண்டு வளர்ந்தேன். கல்யாணத்தில், பிரசவத்தில், எந்தச் சந்தோஷமான நாளிலும் ஒரு ஓரத்தில் அந்தத் திரும்பிய முகம் இருந்தது. பெரியவர்கள் "பாப்பா மேலேர்ந்து பாத்துக்கிட்டிருக்கா" என்று சொல்லும்போதெல்லாம், என்னைப் பார்க்க மாட்டாள் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

என் கல்யாணத்துக்கு முன்பு, முடிச்சூருக்குள் வெள்ளம் வந்த வருஷம், வீட்டில் மார்பளவுக்குத் தண்ணீர் நின்றது. நான் அப்போது வேலை கிடைத்துக் கேளம்பாக்கம் பக்கம் விடுதியில் இருந்தேன். தண்ணீர் வடிந்து நான் வந்து சேர்வதற்குள் அப்பாவும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து ஊறிப்போன எல்லாவற்றையும் அள்ளித் தெருவில் கொட்டி, குப்பை லாரியும் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. சான்றிதழ்களை மட்டும் அப்பா காப்பாற்றிக் கொடியில் கிளிப் போட்டுக் காய வைத்திருந்தார். அவற்றுக்கு அடியில் என்ன இருந்தது என்று அவர் பார்த்திருக்க மாட்டார், எல்லாம் கூழாகியிருந்தது. ஷீபாவைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியும் இப்போது இல்லை, அந்த இடத்தில் டைல்ஸ் கடை இருக்கிறது. புளி ஜாடி இருந்த அலமாரி, வேன் அண்ணன், பள்ளி வாசல் கடை எதுவும் இல்லை.

என் மகளுக்கு இப்போது எட்டு வயது. அவளும் அனிமே வரைகிறாள், புதிதாகப் பழகுகிறவர்களுக்கென்றே போடும் காணொளிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்து டேப்லட்டில் வரைகிறாள். ஐந்தாவது படியில் புளிக்கறை எதுவும் கிடையாது. முகம் வேறு பக்கம் பார்க்க வேண்டுமென்றால் ஒரு பொத்தானைத் தொடுகிறாள், முகம் திரும்பிவிடுகிறது. முதல்முறை அதைப் பார்த்தபோது நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

போன மாதம் எனக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருக்கும்படி ஆனது. வலது கையில் ட்ரிப்ஸ் ஏற்றி, அசைக்கக் கூடாது என்று அட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். இரண்டாம் நாள் மதியம், போன் பார்த்துச் சலித்துப்போய், கட்டில் பக்கத்தில் கிடந்த பேனாவை இடது கையால் எடுத்து, சாப்பாட்டுச் சீட்டின் பின்பக்கத்தில் சும்மா ஒரு வட்டம் போட்டேன். சீட்டைப் பிடித்துக்கொள்ள மறு கை இல்லாததால் அது நகர்ந்தது, வட்டம் கோணியது. கூட்டல் கோடு போட்டேன். தாடை போட்டேன். இத்தனை வருஷம் கழித்தும் படிகள் மறக்கவில்லை. கோடுகள் நடுங்கின. ஒரு கண் பெரிதாகவும் மற்றது பாதியாகவும் வந்தன. முடித்துவிட்டுப் பார்த்தேன். என் பெண் வலது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். டோமி ஒரு நாளும் பார்க்காத பக்கம்.

அதை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. சாயங்காலம் அப்பா பிளாஸ்கில் கஞ்சி கொண்டுவந்து, கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்தார். இருபது வருஷமாக எங்கள் வீட்டில் யாரும் அந்த நாட்களைப் பற்றிப் பேசியதில்லை. நான் கேட்டேன்.

"அப்பா, பாப்பாவுக்கு எந்தக் கையில ட்ரிப்ஸ் போட்டாங்க?"

அவர் பிளாஸ்கின் மூடியைத் திருகுவதை நிறுத்தினார். "பீச்சாங்கையில" என்றார். "நர்ஸம்மா எந்தக் கையில போடட்டும்னு கேட்டாங்க. நான்தான் அதுல போடச் சொன்னேன். சோத்தாங்கை சும்மா இருந்தா புள்ள ரெண்டு வாய் சாப்பிடுமேன்னு."

மூடியை மறுபடி திருகிக்கொண்டே தொடர்ந்தார். "அவ எங்க சாப்பிட்டா. நீ குடுத்து விட்ட நோட்டுல படம் போடணும்னு ஒரே அடம். கை வரவே மாட்டேங்குது, அப்பா நீங்க நோட்டைப் புடிங்கன்னா. நான்தான் புடிச்சுக்கிட்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. போட்டுட்டு அவளே சிரிச்சா. மூஞ்சி தப்பாத் திரும்பிடுச்சுப்பா, பரவால்ல, அக்காவுக்குப் புரியும்னா."

எனக்குப் புரியவில்லை. உலகத்திலேயே அதைப் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் நான்தான், எனக்குப் புரியவில்லை.

"மறுநாள் பூரா வாசலையே பாத்துக்கிட்டிருந்தா" என்றார் அப்பா. "நீ அடுத்த படம் போட்டு அனுப்புவேன்னு. காணோம்னு நான் போய்ச் சொன்னேன். அக்கா எதையும் ஒழுங்கா வைக்க மாட்டா, நல்லாத் தேடச் சொல்லுங்கன்னா." கஞ்சியை டம்ளரில் ஊற்றினார், ஆவி அவர் கண்ணாடியில் படிந்தது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே, நேற்று தொலைத்த பொருளைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டார். "அது அப்புறம் கெடச்சுதாம்மா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். எழுபது வயது அவருக்கு. அந்தச் சாயங்காலம் ஈரத்துண்டோடு அவர் பிரிட்ஜின் மேல் எட்டிப் பார்த்தது எனக்குத் தெரிந்தது, என் தொடைக்கு அடியில் மெத்தை தெரிந்தது.

"கெடைக்கலப்பா" என்றேன்.

"போகட்டும்" என்றார். "ஆறிடும், குடி." என் சோத்தாங்கையில் ஊசி இருந்ததால் டம்ளரை அவரே பிடித்துக்கொண்டார்.